கோல்கம்பத்துக்குப் பின்னால் நார்மா

நார்மா ஹெப்டனுக்கு மெதுவாகப் பேசத் தெரியாது. அது அவள் குற்றமில்லை. கல்யாணமான புதிதில் பள்ளிக்கூடத்துச் சாப்பாட்டுக் கூடத்தில் பரிமாறுகிற வேலைக்குப் போனவள், தலை நரைக்கும்வரை அங்கேயே இருந்தாள். கரண்டிச் சத்தம், தட்டுச் சத்தம், பிள்ளைகளின் கூச்சல் எல்லாவற்றுக்கும் மேலே எழும்பி, "ஏ கண்ணு, கேரட்டைப் பாக்கெட்ல போடறே, பார்த்துட்டேன்!" என்று கத்திக் கத்தி வளர்ந்த குரல் அது. ஓய்வு பெற்றபோது பள்ளிக்கூடம் அவளுக்கு ஒரு சுவர்க் கடிகாரம் கொடுத்து அனுப்பியது. குரலைத் திருப்பி வாங்கிக்கொள்ள மறந்துவிட்டது.

அந்தக் குரல் இப்போது சனிக்கிழமை மதியங்களில் ஹெல்ம்பி டவுன் மைதானத்தில் இறங்குகிறது. நாங்கள் ஆடுவது வட்டார லீக். தொலைக்காட்சிக்காரர்கள் வழி தவறிக்கூட இந்தப் பக்கம் வருவதில்லை. எங்கள் ஆட்டக்காரர்கள் வாரமெல்லாம் கூரை வேய்வார்கள், லாரி ஓட்டுவார்கள், சூப்பர் மார்க்கெட்டில் அலமாரி அடுக்குவார்கள். சனிக்கிழமை மூன்று மணிக்கு மட்டும் கால்பந்து வீரர்கள். பார்க்க வருகிறவர்கள் நல்ல நாளில் நூற்றைம்பது பேர், மழை நாளில் அதில் பாதி, அதுவும் நாய்களைச் சேர்த்து.

எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. எதிரணி கோல்கீப்பர் எந்தக் கோல்கம்பத்தில் நிற்கிறாரோ, அதற்குப் பின்னால்தான் நாங்கள் எல்லோரும் நிற்போம். பாதி ஆட்டத்தில் அணிகள் பக்கம் மாறும்போது, டீக் கோப்பையைக் கையில் பிடித்தபடி நாங்களும் கம்பிவேலியை ஒட்டியே நடந்து மறுபக்கம் போய்விடுவோம். நம்ம ஆட்கள் கோல் போடுவதைக் கிட்டத்திலிருந்து பார்க்கலாமே என்பது வெளியே சொல்லிக்கொள்கிற காரணம். எதிரணி கோல்கீப்பரின் முதுகும் அங்கேதான் இருக்கிறது என்பது உண்மையான காரணம். பாவம், அவர் எங்கேயும் ஓட முடியாது. தொண்ணூறு நிமிஷம் நின்று கேட்டுத்தான் ஆக வேண்டும்.

கேட்பதென்றால், நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்பாள் நார்மா.

"ஏ கண்ணு, உள்ள போற பந்துக்கெல்லாம் இப்படிக் குனிஞ்சு வணக்கம் வைக்கிறியே, உங்க ஊர்ல அவ்வளவு மரியாதையா?"

"கையுறை உன்னுதா கண்ணு, இல்ல அடுப்படியில தொங்கினதா?"

"கொடியில காயப்போட்ட சட்டை மாதிரி நிக்கிறியே, காத்தடிச்சாலாவது அசைவியா?"

இதில் அவளுக்குச் சட்டதிட்டங்கள் உண்டு. கெட்ட வார்த்தை கிடையாது. அம்மா, பெண்டாட்டி, பிள்ளைகளை இழுக்கக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலே, வானமே இடிந்து விழுந்தாலும் நம்ம கோல்கீப்பரை ஒரு சொல் சொல்லக் கூடாது. டட்லி ஃபர்த் என்று ஒருவன் ஒருமுறை எங்கள் கோல்கீப்பரைப் பார்த்து "போய்ப் படுடா" என்று கத்திவிட்டான். நார்மா அவன் கையிலிருந்த சாசேஜ் ரோலைப் பிடுங்கிக் குப்பைத்தொட்டியில் போட்டு, வாசலைக் காட்டினாள். "சொந்த வீட்டுச் சுவரை இடிக்கிறவனுக்கு இங்க இடமில்ல" என்றாள். அன்றைக்குப் போன டட்லி இப்போது ரக்பி பார்க்கிறான். அந்த அளவுக்குக் கெட்டுப்போய்விட்டான் மனுஷன்.

அவள் புருஷன் டெரிக் நேர் எதிர். மைதானத்து ஓரத்தில் பலகையால் அடித்த டீக்கடை இருக்கிறதே, அதற்குள் நின்று டீயும் சாசேஜ் ரோலும் பட்டாணிக் கூழும் கொடுப்பவர் அவர்தான். எங்கள் அணி கோல் போட்டால் அதிகபட்சம் புருவத்தைத் தூக்குவார். அவர் குரலை உயர்த்தி ஊரில் யாரும் கேட்டதில்லை. அவரிடம் இருக்கிற ஒரே குறை, எந்தக் கதவையும் சாத்த மாட்டார். சமையலறைக் கதவு, தோட்டக் கதவு, குளிர்சாதனப் பெட்டிக் கதவு, எல்லாம் ஆவென்று திறந்து கிடக்கும். "எத்தனை தடவை சொல்றது டெரிக், கதவைச் சாத்து!" என்று நார்மா போடுகிற சத்தம் தெரு முழுக்கக் கேட்கும். பக்கத்து வீட்டுக்காரர்கள்கூட எழுந்து போய்த் தங்கள் கதவைச் சாத்திவிட்டு வருவார்கள்.

இனி ரஸ்ஸல் பிண்டர். பக்கத்து ஊரான மார்ஸ்கில் அணியின் கோல்கீப்பர், பிழைப்புக்குப் பிளம்பர். பதினேழு வருஷமாக, வருஷத்துக்கு ஒரு தடவை, மார்ஸ்கில் அணி எங்கள் மைதானத்துக்கு வரும். நார்மாவுக்கு அது திருவிழா. மினிபஸ்ஸில் ஏறினாலே குமட்டும் என்பதால் அவள் வெளியூர் ஆட்டங்களுக்குப் போவதில்லை, ஆகவே கிடைக்கிற அந்த ஒரு மதியத்துக்காக வருஷம் முழுக்கச் சேர்த்து வைத்திருப்பாள்.

முதல் வருஷம் ரஸ்ஸலுக்குத் தலை நிறைய முடி. "கண்ணு, முடி கண்ணை மறைக்குது போலிருக்கே, பந்து தெரியுதா?" என்று ஆரம்பித்தாள். பிறகு நெற்றி ஏறியது. "ஏ பிண்டர், உன் டீம் மாதிரியே உன் முடியும் பின்னாடி போயிட்டே இருக்கே!" என்றாள். கடைசியில் மொத்தமும் போய்ச் சேர்ந்தது. "கண்ணு, உன் தலையில வெயில் பட்டு எங்க பசங்களுக்குக் கண்ணு கூசுது, தொப்பி போடு!"

மற்ற கோல்கீப்பர்கள் காதில் விழாத மாதிரி நடிப்பார்கள். இவன் திரும்பிக்கூடப் பார்க்காமல் பதில் கொடுப்பான். "தள்ளி நில்லுங்க தாயே, நீங்க நிக்கிற இடத்துல கோலுக்கே நிழல் விழுது!" நாங்கள் சிரிப்போம். நார்மா எங்களை முறைப்பாள். ஆனால் வீட்டுக்குப் போகிற வழியில் அதைச் சொல்லிச் சொல்லி அவளே சிரிப்பாள் என்று டெரிக் சொல்லியிருக்கிறார். ஒருமுறை அவர்கள் வீட்டில் வெந்நீர்க் கொதிகலன் கெட்டுப்போனது. பக்கத்து ஊரிலேயே ரஸ்ஸல் இருக்க, எங்கிருந்தோ ஒரு பிளம்பரை வரவழைத்தாள். கேட்டால், "அவன் வந்தா குழாய்த் தண்ணியையும் கைநழுவ விட்டுடுவான்" என்றாள். அவனைச் சமையலறையில் உட்கார வைத்து டீ கொடுக்க நேர்ந்தால் என்ன பேசுவது என்று அவளுக்குத் தெரியவில்லை. அதுதான் விஷயம்.

வினை வந்தது போன வருஷத்து ஆட்டத்தில். அன்றைக்கு ரஸ்ஸல் எங்களைக் கோல் போடவே விடவில்லை. எந்தப் பக்கம் அடித்தாலும் அந்த மொட்டைத்தலை அங்கே முன்னால் போய் நின்றது. நார்மாவிடம் இருந்த சரக்கெல்லாம் தீர்ந்துவிட்டது. ஆத்திரத்தில் வாயைக் கொடுத்தாள். "அவ்வளவு பெரிய சூரன்னா எங்க டீமுக்கு வந்து ஆடேன், பார்க்கலாம்!"

எல்லைக்கோட்டில் நின்றிருந்த எங்கள் பயிற்சியாளர் ஹாவர்ட் காதில் அது விழுந்தது.

கோடையில் எங்கள் கோல்கீப்பர் ஆஸ்திரேலியாவுக்குக் குடியேறிப் போனான். மார்ஸ்கில்காரர்கள் யாரோ இளவட்டத்தைப் பிடித்துக்கொண்டு ரஸ்ஸலைக் கழற்றிவிட்டார்கள். ஹாவர்ட் போனை எடுத்தார். "எங்க ஊர்ல ஒரு அம்மா உங்களைக் கூப்பிட்டாங்களே, ஞாபகமிருக்கா?" அவ்வளவுதான், காரியம் முடிந்தது. சேதியை அவரே நார்மாவிடம் சொன்னபோது அவள் பேயறைந்த மாதிரி நின்றாள்.

"யாரு சொன்னா கூப்பிடச் சொல்லி?"

"நீதான். ஊருக்கே கேட்டுது."

"நான் ஆயிரம் சொல்லுவேன்! நீ ஏன்யா காதுல வாங்கினே?"

ஆகஸ்டில் முதல் ஆட்டம், எங்கள் மைதானத்தில். ரஸ்ஸல் மூன்று கோல் வாங்கினான். பிரமாதமான கோல்கள் என்றால்கூடப் பரவாயில்லை, மூன்றாவது அவன் முழங்காலுக்கு நடுவே உருண்டு போனது, நடந்து போனது என்றே சொல்லலாம். செப்டம்பரிலும் அதே கதை. ஊர் வாய் சும்மா இருக்குமா? இறைச்சிக் கடையில் நின்றால் கடைக்காரர், "என்ன நார்மா, உன் ஆளு சனிக்கிழமை நாலு வாங்கினானாமே" என்றார். தபால் நிலையத்தில், "சல்லடையை யாரு வாங்கிட்டு வந்தது, நீதானே?" என்றார்கள். உன் ஆளு, உன் ஆளு, உன் ஆளு. பதினேழு வருஷம் அவனைத் திட்டியவள் இப்போது அவனுக்காக வக்காலத்து வாங்க வேண்டியதாயிற்று. "புது இடம், பழக வேண்டாமா? குழந்தையைப் பள்ளிக்கூடத்துல விட்டா ஒரு வாரம் அழாதா?" என்பாள். நாற்பத்தொரு வயசுக் குழந்தை!

மைதானத்தில் அவள் பண்ணின கூத்து அதைவிடப் பரிதாபம். எதிரணி கோல்கீப்பருக்குப் பின்னால் எங்களோடு நின்றபடி, மறுகோடியில் தூரத்தில் இருக்கும் ரஸ்ஸலைப் பார்த்துக் கையைத் தட்டி, "நல்ல முயற்சி ரஸ்ஸல்! பரவாயில்ல ரஸ்ஸல்!" என்று கூவுவாள். அவள் வாயில் அந்த வார்த்தைகள் கடன் வாங்கின சட்டை மாதிரி இருந்தன. எங்களுக்கே கூச்சமாக இருந்தது.

டிசம்பர் மழையில் மைதானம் குளமாகி ஆட்டங்கள் தள்ளிப்போயின. ஜனவரியில் நிலம் உறைந்து கிடந்தது. மார்ச்சில் பட்டியலைப் பார்த்தால் நாங்கள் அடியில் ஒட்டிக்கொண்டிருந்தோம். கடைசி இரண்டு அணிகள் கீழ் லீக்குக்கு இறங்கியாக வேண்டும். அங்கே போனால் ஹாவர்ட் போய்விடுவார், ஆட்டக்காரர்களில் பாதி போய்விடும், நூற்றைம்பது பேர் எழுபதாவார்கள். அந்த லீக்கில் பல மைதானங்களில் சாய்ந்து நிற்கக் கம்பிவேலிகூடக் கிடையாது, மாட்டுக்கு நடுவில் ஆட்டம். இதெல்லாம் தன் வாயால் வந்தது என்று நார்மா நம்பினாள். சாப்பாடு இறங்கவில்லை. ஒருநாள் தோட்டக் கதவு மதியம் முழுக்கத் திறந்து கிடந்தும் அவள் ஒன்றும் சொல்லவில்லையாம். டெரிக் பயந்து போய் அவராகவே எழுந்து சாத்தினார். முதல் தடவை.

மார்ச் கடைசியில் இன்னொரு தோல்வி. ஆட்டம் முடிந்து எல்லோரும் போன பிறகு நார்மா டீக்கடையில் மேடையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். ரஸ்ஸல் வந்து நின்றான். தலை ஈரம், கையில் பை. பதினேழு வருஷத்தில் நடுவில் கம்பி இல்லாமல் இருவரும் எதிரெதிரே நின்றது அதுதான் முதல் தடவை.

"ஒரு டீ கொடுங்க" என்றான். டெரிக் ஊற்றிக் கொடுத்தார். அவன் குடிக்கவில்லை.

"ஒண்ணு கேக்கணும், தப்பா எடுத்துக்காதீங்க" என்றான் நார்மாவிடம். "நான் அவ்வளவு மோசமாவா ஆடறேன்?"

"சேச்சே, யாரு சொன்னா? நல்லாத்தான்..."

"பாத்தீங்களா, பாத்தீங்களா! இதைத்தான் சொல்றேன். திட்டறதுக்குக்கூட லாயக்கில்லாம போயிட்டேனா? பதினேழு வருஷமா என்னை வறுத்தெடுத்த வாய், இப்போ தூரத்துல நின்னு 'நல்ல முயற்சி'ங்குது. வீட்டுக்குப் போய்ப் பெண்டாட்டிகிட்ட சொன்னேன், அந்தம்மா என்னைக் கைகழுவிட்டாங்கடின்னு."

நார்மாவுக்குப் பேச்சு வரவில்லை. இது உலக அதிசயம். டெரிக் குறித்து வைத்துக்கொண்டார் என்று நினைக்கிறேன்.

"நீ இப்ப நம்ம ஆளுடா" என்றாள் கடைசியில். "நம்ம ஆளை எப்படிடா திட்டறது?"

"வெளியூர்ல ஆடும்போது அந்தந்த ஊர்க்காரங்க முதுகுக்குப் பின்னாடி நின்னு பிச்சு எடுக்கறாங்க. ரத்தம் சூடாகுது. பந்து பெரிசாத் தெரியுது. இங்க என்ன? நீங்க எல்லாரும் அந்தக் கோடிக்குப் போயிடறீங்க. வர்ற வெளியூர்க்காரங்க பத்துப் பேரும் மழைக்குப் பயந்து நடுவுல கூரைக்கடியில ஒண்டிக்கிறாங்க. எனக்குப் பின்னாடி யாரிருக்கா தெரியுமா? ஒரு புறா. அதுவும் ஆட்டத்தைப் பார்க்கறதில்ல."

டெரிக் மெதுவாக, "வெளியூர்ல நாம அவ்வளவா தோக்கலையே நார்மா" என்றார். "இங்கதான் கொட்டுது."

நினைத்துப் பாருங்கள். ஊரே கால்பந்து பார்க்கிறது, ஆளுக்கொரு காரணம் சொல்கிறது, கால் வலிக்குது, வயசாச்சு, கண்ணு மங்கிடுச்சு. எங்கள் மைதானத்தில் எங்கள் கோல்கீப்பருக்குப் பின்னால் போய் ஒருத்தரும் ஒரு நாளும் நின்றதில்லை என்பது யாருக்கும் உறைக்கவில்லை. எப்படி உறைக்கும்? அங்கே நிற்பது எங்கள் பழக்கத்திலேயே இல்லை.

விஷயம் தெரிந்த பிறகாவது நார்மா போய் நின்றாளா? இல்லை. அடுத்த ஆட்டத்திலும் வழக்கமான பக்கமே போனாள். வீட்டில் டெரிக் கேட்டார்.

"அவனே கெஞ்சிக் கேக்கறான். ரெண்டு வார்த்தை சொன்னா குறைஞ்சா போயிடுவே?"

"சொந்த ஆளைத் திட்டறதா? ஊர் முன்னாடியா? டட்லி மூஞ்சியில எப்படி முழிப்பேன்?"

"அவன் ரக்பிக்குப் போயிட்டானே."

"யாரு அனுப்பினது? நான்தானே! அவன் சாசேஜ் ரோலைப் பிடுங்கினேன் டெரிக். பாதிதான் தின்னிருந்தான்."

டெரிக் எழுந்து தோட்டத்துக்குப் போனார், கதவைத் திறந்து போட்டுவிட்டு.

ஏப்ரல் கடைசிச் சனிக்கிழமை. கடைசி ஆட்டம், எங்கள் மைதானத்தில், தோர்ன்கேட் அணியோடு. டிரா ஆனால் போதும், தப்பித்துவிடுவோம். தோற்றால் கீழே. ரஸ்ஸலுக்கு முழங்கால் ஒத்துழைக்கவில்லை, ஜெயித்தாலும் தோற்றாலும் இதுதான் அவனுக்குக் கடைசி என்று ஹாவர்ட் காலையிலேயே சொல்லிவிட்டார். அது நார்மா காதிலும் விழுந்தது.

முதல் பாதியில் தோர்ன்கேட் கோல்கீப்பர் எங்கள் பக்கம், தேவாலயத்தை ஒட்டிய கோலில் நின்றான். நார்மா அவனிடம் ஏதோ கடமைக்கு, "கண்ணு, ஷூ லேஸ் அவிழ்ந்திருக்கு" என்றாள். நிஜமாகவே அவிழ்ந்திருந்தது. அவன் நன்றி சொல்லிவிட்டுக் கட்டிக்கொண்டான். அவள் மனசு அங்கே இல்லை. கூரை வேய்கிற எங்கள் பையன் ஒரு கோல் போட்டான், நாங்கள் குதித்தோம். பாதி ஆட்டம் முடிகிற நேரம், வானத்திலிருந்து சாவகாசமாக இறங்கின ஒரு பந்தை ரஸ்ஸல் பிடித்தான், பிறகு விட்டான். அது அவன் காலடியிலிருந்து கோலுக்குள் போனது. ஒன்றுக்கு ஒன்று. நூற்றைம்பது பேரும் ஒரே நேரத்தில் மூச்சு விட்டது கேட்டது.

விசில் அடித்ததும் நாங்கள் வழக்கம்போல் டீயை வாங்கிக்கொண்டு ரயில் பாதைப் பக்கத்துக் கோலுக்கு நடக்க ஆரம்பித்தோம். பாதி தூரம் போன பிறகுதான் கவனித்தோம், நார்மா வரவில்லை. தேவாலயப் பக்கமே கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"ஏ நார்மா! வா, பக்கம் மாத்தியாச்சு!"

"நீங்க போங்க."

"காலு வலிக்குதா?"

"போங்கன்னு சொல்றேன்ல!"

போனோம். அவள் நகரவே வேண்டியிருக்கவில்லை. நின்ற இடத்திலேயே நின்றாள். ரஸ்ஸல்தான் தலையைக் குனிந்துகொண்டு அவளிடம் வந்தான், ஈரத் துண்டை வலையில் தொங்கவிட்டான், நிமிர்ந்தான். அவளைப் பார்த்தான். புறா இருக்கிற இடத்தில் நார்மா.

அவள் கைகள் கம்பியில் ஒட்டிக்கொண்டன. ரெஃபரி விசில் ஊதினார். தோர்ன்கேட்காரன் ஒருவன் பந்தோடு ஓடி வந்தான். அப்போது வந்தது குரல்.

"ஏ பிண்டர்! அந்தப் பந்தை அப்படி உதறினியே, என்ன, சுட்ட உருளைக்கிழங்கா அது?"

மறுகோடியில் நாங்கள் அத்தனை பேரும் திரும்பினோம். ஹாவர்ட் திரும்பினார். எங்கள் ஆட்டக்காரர்களில் இரண்டு பேர் ஆட்டத்தை விட்டுவிட்டுத் திரும்பினார்கள்.

"நார்மா! அது நம்ம ஆளு!" என்று எங்களில் ஒருவர் அலறினார்.

"எனக்குத் தெரியும்! அதனாலதான்!" அந்தக் குரல் அவ்வளவு நீள மைதானத்தையும் தாண்டி வந்து எங்கள் டீயை ஆட்டியது.

ரஸ்ஸல் திரும்பவில்லை. ஆனால் அவன் தோள் இரண்டும் மெல்ல மேலே ஏறின. "வருஷம் முழுக்க எங்க போயிருந்தீங்க தாயே?" என்று முன்னால் பார்த்தபடியே கேட்டான். அடுத்த நொடி தோர்ன்கேட்காரன் அடித்த பந்தைப் பக்கவாட்டில் பாய்ந்து தட்டிவிட்டான். நாற்பத்தொரு வயசு முழங்கால் பாய்கிற பாய்ச்சலா அது!

பிறகு நார்மாவை யார் நிறுத்துவது? எட்டு மாசம் அடைத்து வைத்திருந்தது மொத்தமும் உடைத்துக்கொண்டு வந்தது. ஆகஸ்டில் முழங்காலுக்கு நடுவே போன பந்து, அக்டோபரில் வழுக்கி விழுந்தது, எல்லாவற்றுக்கும் தேதி வாரியாகக் கணக்குத் தீர்த்தாள். "எழுந்திரு கண்ணு, படுக்கை போட்டுத் தரணுமா?" "தலையைத் துடைடா, பந்து வழுக்குது!" "குழாய் மாட்டறவனுக்கு ஒழுகறதை அடைக்கத் தெரியாதா?" அவன் ஒவ்வொன்றுக்கும் பதில் கொடுத்தான், ஒவ்வொரு பந்தையும் பிடித்தான். ரயில் பக்கம் நின்ற நாங்கள் எங்கள் ஆட்கள் கோல் போடுகிறார்களா என்று பார்ப்பதையே விட்டுவிட்டு அந்தப் பக்கம் வேடிக்கை பார்த்தோம்.

மழை பிடித்துக்கொண்டது. கடைசிப் பத்து நிமிஷம் இருக்கும். தோர்ன்கேட்காரர்கள் மொத்தமாக ஏறி வந்தார்கள், கார்னர் மேல் கார்னர். நார்மா வாயைத் திறந்தாள். ஒன்றும் வரவில்லை. மறுபடி திறந்தாள். காற்றுதான் வந்தது. சாப்பாட்டுக் கூடத்தில், மைதானத்தில், தெருவில் ஒரு நாளும் கைவிடாத குரல், அந்த நேரம் பார்த்துப் போய்விட்டது.

கடைசி நிமிஷம், இன்னொரு கார்னர். பந்தை மூலையில் வைத்துவிட்டுத் தோர்ன்கேட்காரன் ஒருவன் பின்னால் நடந்தான். கோல் முன்னால் ஒரே தள்ளுமுள்ளு. அந்த நெரிசலுக்கு நடுவே ரஸ்ஸல் தலையைத் திருப்பிப் பார்த்தான். ஆட்டம் நடக்கும்போது அவன் அப்படித் திரும்பியதே கிடையாது. பின்னால் சத்தமில்லை. முகத்தில் பயம்.

நார்மா தொண்டையைத் தொட்டுக் காட்டிக் கையை விரித்தாள். கண்ணில் தண்ணீர் முட்டியது. பக்கத்தில் யாரோ மூச்சிரைக்க வந்து நின்றார்கள். டெரிக். அவள் குரல் கம்மத் தொடங்கியதைக் கேட்டு, கையில் அவளுக்கு ஒரு டீயோடு கடையை அப்படியே போட்டுவிட்டு ஓடி வந்திருக்கிறார். அவளைப் பார்த்தார். ரஸ்ஸலைப் பார்த்தார். கார்னர் அடிக்கிறவன் கையைத் தூக்கிவிட்டான்.

டெரிக் ஹெப்டன் வாயைத் திறந்தார். திட்டுவதற்கு அவருக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான். நாற்பது வருஷம் கேட்டுக் கேட்டு மனப்பாடமானது.

"எத்தனை தடவை சொல்றது! கதவைச் சாத்துடா!"

அச்சு அசல் நார்மா குரல். எங்கே வைத்திருந்தாரோ மனுஷன் அத்தனை நாளும். பந்து வளைந்து உள்ளே வந்தது. இரண்டு பேர் முதுகில் ஏறிக்கொண்டு எழும்பினான் ரஸ்ஸல், வாய் நிறையச் சிரிப்போடு எழும்பினான், பந்தை இரண்டு கையாலும் வாங்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு சேற்றில் விழுந்தான். எழுந்திருக்கவே இல்லை, விசில் ஊதும்வரை அதன் மேலேயே கிடந்தான்.

ஒன்றுக்கு ஒன்று. தப்பித்தோம். நாங்கள் ரயில் பக்கத்திலிருந்து, வயசானவர்கள் உட்பட, மைதானத்துக்குக் குறுக்கே ஓடினோம். நாங்கள் போய்ச் சேர்வதற்குள் ரஸ்ஸல் கையுறையைக் கழற்றிவிட்டுக் கம்பிவேலிக்கு வந்துவிட்டான். நார்மா வாயசைத்தாள். சத்தம் வரவில்லை. டெரிக் காதைப் பிடித்து இழுத்து அதற்குள் ஏதோ சொன்னாள்.

டெரிக் நிமிர்ந்தார். "நீ ரொம்ப நல்லா ஆடினியாம். உன்னை மாதிரி ஒருத்தனைப் பார்த்ததில்லையாம்."

ரஸ்ஸல் முகம் வாடிப்போயிற்று. "அப்படியா சொன்னாங்க? சரியாக் கேட்டீங்களா?"

நார்மா மறுபடி டெரிக் காதைப் பிடித்தாள்.

"மொட்டைத்தலையில மழைத்தண்ணி தேங்கி நிக்குதாம்" என்றார் டெரிக். "வாத்து வந்து இறங்கறதுக்குள்ள தொடைக்கணுமாம்."

"ஆங்!" என்றான் ரஸ்ஸல். "இது அவங்க." சிரித்தான், சிரித்துக்கொண்டே இருந்தவன் கண்ணைத் துடைக்க ஆரம்பித்தான், சேற்றுக் கையால் துடைத்ததில் முகமெல்லாம் சேறானது. நார்மா கம்பிக்கு மேலாக எட்டி வலையில் தொங்கின துண்டை எடுத்தாள். சாப்பாட்டுக் கூடத்தில் எத்தனையோ பிள்ளைகளுக்குச் செய்தது மாதிரி, மோவாயைப் பிடித்து நிமிர்த்தி, முதலில் முகத்தைத் துடைத்தாள். பிறகு அந்தத் தலையையும் துடைத்தாள், நன்றாக அழுத்தித் துடைத்தாள். அவன் குனிந்து கொடுத்தான்.

அந்தப் பக்கம் டீக்கடைக் கதவு திறந்து கிடந்து காற்றில் அடித்துக்கொண்டே இருந்தது. அதைச் சாத்தச் சொல்லிக் கத்துவதற்கு அன்றைக்கு ஆளில்லை.